வயிறு நிறைந்த கன்றும் பட்டினி கிடக்கும்

எல்லவிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி, கரந்தகொல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்ற பாதையை நம்மில் அறியாதவர் இல்லை. மேலே குளிர், தேயிலை, லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் ஒரு பசு. கீழே வெயில், வயல், குளம், சேற்றில் புரளும் எருமைகள். வெல்லவாயவைக் கடந்து தனமல்விலப் பக்கம் போனால் வீதியோரத்தில் தயிர்ச் சட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வெளியூரார் வாகனத்தை நிறுத்தி வாங்கிச் செல்வார்கள். தயிரின் சுவையைப் பேசாதவர்கள் கிடையாது. அந்தப் பாலுக்கு முதல் உரிமையாளனான கன்றைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. இம்முறை அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கின்றோம்.

மலையிலிருந்து இறக்கிக் குடியமர்த்தப்பட்ட குடும்பம் ஒன்றின் முற்றத்தில் அண்மையில் ஓர் எருமைக் கன்றைக் கண்டோம். ஆறு மாதம் கடந்துவிட்டது என்றார்கள். பார்த்தால் மூன்று மாதக் கன்றுபோல இருந்தது. வயிறு பானைபோல ஊதியிருந்தது. முதுகெலும்பு தெரிந்தது. மயிர் செம்பட்டையாகிச் சிலிர்த்து நின்றது. "நல்லாத்தான் திங்குதுங்க. வைக்கோல் எவ்வளவு போட்டாலும் வயிறு முட்டத் திங்குது. ஆனா வளரக் காணோம்" என்றார் அந்த வீட்டு அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கன்றின் வயிறு உண்மையிலேயே நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அது பட்டினி கிடந்தது.

நாம் யார்?

இதை வாசிக்கின்ற நம்மில் பலர் ஒரு தடவையல்ல, பல தடவை இடம் மாறியவர்கள். 1977இலும் 1983இலும் கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்குப் போய், காடு வெட்டிப் பயிர் செய்து, யுத்தத்தில் அதையும் இழந்தவர்கள் நம் உறவினர்கள். கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களுக்காக ஊரை விட்டுக் கிளம்பி மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போன சிங்களக் கமக்காரக் குடும்பங்கள் இப்போது நமக்கு அயலவர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை பதுளை மாவட்டத்தின் சரிவுகளை மீண்டும் இடித்தது.

இப்படி இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவ வருகின்றவர்கள் தகரம் தருகின்றார்கள், பாத்திரம் தருகின்றார்கள், சில வேளைகளில் ஒரு மாடும் தருகின்றார்கள். மேட்டு நிலத்தில் பசு, தாழ்நிலத்தில் எருமை. கையில் கயிற்றைக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்கின்றார்கள். அந்த மாடு எதைத் தின்னும், அதன் கன்று எதைக் குடிக்கும் என்ற கேள்விக்குத்தான் எவரும் பதில் தருவதில்லை. ஆகவே அந்தப் பதிலை நாமே தேடவேண்டியிருக்கின்றது.

கல்லும் கூலியும்

"எருமை எதையும் தின்று வாழும்" என்பது நம்மிடையே நெடுநாளாய் உள்ள பேச்சு. வளர்ந்த எருமையைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. முற்றிய புல்லையும் வைக்கோலையும் அது பசுவைவிட ஓரளவு நன்றாகவே செரித்துக்கொள்ளும். ஆனால் கன்றுக்கு இந்தப் பேச்சைப் பொருத்தினால் கன்று சாகும், அல்லது குள்ளமாகும்.

வளருகின்ற கன்றுக்கு இரண்டு பொருள்கள் ஒன்றாக வேண்டும். ஒன்று புரதம், மற்றது சக்தி. வீட்டுத்திட்டங்களைப் பார்த்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. கல் வந்து இறங்கிவிடும், மேசனுக்குக் கூலி இராது. கல் மழையில் கிடக்கும். இன்னோர் இடத்தில் கூலிக்குக் காசு இருக்கும், கல் வராது. மேசன் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டு இடத்திலும் சுவர் எழும்பாது. சதையும் எலும்பும் கட்டுவதற்குப் புரதம் கல். அந்த வேலையை நடத்துவதற்குச் சக்தி கூலி.

புண்ணாக்கையும் இலையையும் மட்டும் கொடுத்து, சக்தி தரும் தவிடு, சோளம் போன்றவற்றைக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்? கன்று அந்த விலையுயர்ந்த புரதத்தையே எரித்துச் சக்தியாக்கும். மிகுதி யூரியாவாக மாறிச் சிறுநீரோடு வெளியேறும். நம்முடைய காசு தொழுவத்துத் தரையில் ஓடுகின்றது என்றே சொல்லவேண்டும். மறுபக்கம் புத்தல, செவனகலப் பகுதிகளில் கரும்புத் தோகையும் சீனித் தொழிற்சாலையின் கழிவுப் பாகும் கிடைக்கின்றன. பாகில் சக்தி நிறைய உண்டு, புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பினால் கன்றின் எலும்பும் சதையும் வளரமாட்டா.

வைக்கோலில் இரண்டுமே குறைவு. அதன் உலர் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்குதான் புரதம். மாட்டின் பெரிய இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழுகின்றன. நாரை உடைத்து உணவாக்குபவை அவைதான். தீவனத்தில் நூற்றுக்கு 7 பங்கு புரதமாவது இல்லாவிட்டால் அவை பெருக முடியாது. நார் உடையாமல் வயிற்றுக்குள் நாட்கணக்கில் தங்கும். வயிறு ஊதும், பசி மந்தமாகும், கன்று இன்னும் குறைவாகத் தின்னும். நாம் கண்ட பானை வயிற்றின் கதை இதுதான். குடற்புழுவும் சேர்ந்தால் அந்த வயிறு இன்னும் ஊதும்.

ஒரு சிறு கணக்கு

100 கிலோ நிறையுள்ள கன்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நீக்கிக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 கிலோ தீவனத்தை அது தின்னும். நன்றாக வளர வேண்டுமானால் அதற்குள் 300 கிராமுக்கு மேல் புரதம் இருக்கவேண்டும். வைக்கோலை மட்டும் போட்டால், 2 கிலோ தின்றாலும் கிடைப்பது 80 கிராம்தான். தேவையில் காற்பங்கு!

இப்போது இப்படி மாற்றிப் பார்ப்போம்.

வைக்கோல் 1 கிலோ: புரதம் ஏறத்தாழ 40 கிராம்.
பச்சைக் கிளிசரியா இலை 3 கிலோ: ஏறத்தாழ 160 கிராம்.
அரிசித் தவிடு அரை கிலோ: ஏறத்தாழ 55 கிராம்.
தேங்காய்ப் புண்ணாக்கு 400 கிராம்: ஏறத்தாழ 80 கிராம்.

மொத்தம் 335 கிராம். தவிடும் புண்ணாக்கும் சக்தியையும் சேர்த்தே தருகின்றன. மேலும் ஒரு கைப்பிடி உடைத்த சோளம் சேர்த்தால் இன்னும் நல்லது. பதுளையும் மொனராகலையும் சோளம் விளையும் மாவட்டங்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. கதிர் முறித்தபின் நிற்கும் சோளத்தட்டையைப் பச்சை மாறுமுன் வெட்டிக்கொண்டால் அதுவும் வைக்கோலைவிட மேலானது. பண்டாரவளை, வெலிமடைத் தோட்டங்களில் போஞ்சிக்கொடி அறுவடைக்குப் பின் வீணாகக் கிடக்கின்றது. மருந்தடித்து எத்தனை நாள் என்று கேட்டறிந்தபின் அதையும் கொண்டுவரலாம்.

இதில் காசு கொடுத்து வாங்குவது தவிடும் புண்ணாக்கும்தான். புரதத்தின் பாதியைக் கிளிசரியா வேலி இலவசமாகத் தருகின்றது. சிலர் இதைச் சீமைக்கிளுவை என்பார்கள். முதல் நாளில் அதன் வாடைக்குக் கன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெட்டிய இலையைச் சில மணி நேரம் வாடவிட்டு, தவிட்டில் பிசறிக் கொடுத்தால் பழகிவிடும். ஆனால் கிளிசரியாவை மட்டுமே போடவேண்டாம். மொத்த உலர் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மலிவாகக் கிடைக்கின்றது என்று வாங்கவேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு கன்றின் ஈரலைக் கெடுக்கும்.

யூரியாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1980களில் நெதர்லாந்தின் உதவியோடு நம் நாட்டில் நடந்த வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம், 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிவைத்துப் பதப்படுத்தும் முறையைக் கமக்காரர்களிடையே பரப்பியது. தாய் எருமைக்கும் பெரிய கன்றுக்கும் அது நல்ல முறை. ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு யூரியா எந்த வடிவிலும் வேண்டாம். அதைப் பயன்படுத்தும் அளவுக்கு அதன் பெரிய இரைப்பை முதிர்ந்திராது. யூரியா நஞ்சாகும்.

கன்றின் பங்கைக் கறக்கின்றோமா?

மேலே சொன்ன கணக்கெல்லாம் கன்று பெரிதான பிறகு. பிறந்த முதல் மூன்று மாதங்களில் இரைப்பை வளர்ந்திராது. அக்காலத்தில் சக்தியும் புரதமும் சேர்ந்து கிடைக்கும் ஒரே உணவு தாய்ப்பால்தான். எருமைப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு கொழுப்பும் 4 பங்குக்கு மேல் புரதமும் உண்டு. தயிர் கட்டியாவதும் அதனால்தான், கன்று வளர்வதும் அதனால்தான். கன்றுக்கு அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு பால் நாள்தோறும் வேண்டும். 25 கிலோக் கன்றென்றால் இரண்டரை லீற்றர். நம்முடைய நாட்டு எருமையோ அவ்வளவு பாலைத்தான், சில வேளை அதைவிடக் குறைவாகத்தான் தருகின்றது. பால்காரர் வாசலில் நிற்கின்றார். கடைக்குக் கடன் இருக்கின்றது. பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கவேண்டும். நான்கு காம்பையும் கறந்துவிட்டு, வெறும் மடியில் கன்றை அவிழ்த்து விடுகின்றோம்.

இதைச் செய்பவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. வறுமை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கணக்குப் பார்க்கவேண்டும். மூன்று மாதம் நாளுக்கு ஒரு லீற்றரைக் கன்றுக்கு விட்டால் நாம் இழப்பது 90 லீற்றர். எருமைக் கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட நிறையையே பொறுத்தது. வளர்ந்த எருமையின் நிறையில் பாதிக்கு மேல் எட்டினால்தான் சினைக்கு வரும். நன்றாகத் தின்ற கிடேரி இரண்டு இரண்டரை வயதில் அந்த நிறையை எட்டும். பட்டினியில் வளர்ந்தது நான்கு வயதானாலும் எட்டாது. ஓராண்டு முந்திக் கன்றீன்று, நாளுக்கு 2 லீற்றர் வீதம் 200 நாள் கறந்தால் 400 லீற்றர். 90 லீற்றரைக் காப்பாற்றப் போய் 400 லீற்றரை விடுவதா?

அதோடு முடியவில்லை. எருமை தன் கன்றைக் கண்டால்தான் பால் சுரக்கும் இயல்புடையது. கன்று செத்தால் பல எருமைகள் மடியை இறுக்கிக்கொள்ளும், சில முற்றாகவே வற்றிவிடும். கன்றின் பங்கைப் பறித்து அதைச் சாகவிட்டால் தயிர்ச் சட்டியும் வெறுமையாகும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பிறந்த ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கன்று வயிறாரக் குடிக்கட்டும். முதல் மாதம் இரண்டு காம்பையும், அடுத்த இரண்டு மாதம் ஒரு காம்பையும் கறக்காமல் கன்றுக்கு விடுவோம். இரண்டாம் மூன்றாம் கிழமையிலிருந்து ஒரு சிறு கலவையை நக்கப் பழக்குவோம். உடைத்த சோளம் 4 பங்கு, தேங்காய்ப் புண்ணாக்கு 3 பங்கு, சோயாப் புண்ணாக்கு 2 பங்கு, தவிடு 1 பங்கு, சிறிது உப்பும் தாதுக்கலவையும். முதலில் ஒரு கைப்பிடி போதும். பால் குறையக் குறைய இதைக் கூட்டலாம். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

இன்னொரு திருடனும் உண்டு. எருமைக் கன்றின் வட்டப்புழு தாய்ப்பாலின் வழியாகவே கன்றுக்கு வருகின்றது. மூன்றாம் நான்காம் கிழமையில் அது குடலில் பெருத்து, கன்று குடித்த பாலைத் தான் தின்னும். கழிச்சலில் பல கன்றுகள் சாகின்றன. பிறந்த இரண்டாம் கிழமையில் கால்நடை வைத்தியரிடம் கேட்டு மருந்து கொடுத்தால் இதைத் தடுக்கலாம். அதைச் செய்யாமல் நல்ல தீவனம் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

எல்லப் பக்கத்துக் குளிரையும் மழையையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஈரத் தரையில் படுக்கும் கன்று, தின்றதில் ஒரு பங்கை உடம்பைச் சூடாக வைத்திருக்கவே எரிக்கின்றது. காய்ந்த வைக்கோல் படுக்கையும் காற்றை மறைக்கும் ஒரு சாக்குத் திரையும் தீவனத்தை மிச்சப்படுத்தும்.

கன்று வளருகின்றதா என்று எப்படி அறிவது? தராசு வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து முடிச்சுப் போடுங்கள். மாதம் ஒரு முறை அதே கயிற்றால் அளந்து புதிய முடிச்சுப் போடுங்கள். முடிச்சு நகராவிட்டால் தீவனத்தில் குறை, அல்லது வயிற்றில் புழு. வயிறு ஏமாற்றும், கயிறு ஏமாற்றாது.

தருகின்றவர்களுக்குச் சில வார்த்தைகள்

இவ்வளவையும் நாம் செய்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகின்றது. கிளிசரியா எங்கே நடுவது? நம்மில் பலருக்குக் கிடைத்தது 7 பேர்ச். வீடு, மலகூடம், கிணறு போக மிஞ்சுவது வேலி மட்டும்தான். அந்த வேலியில் நெருக்கமாக நட்டால் 100 கிளிசரியாத் தடி பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தடிக்கு 2 கிலோ இலை வெட்டினால் நாளொன்றுக்கு 2 கிலோ இலை சற்று மேலாகக் கிடைக்கும். ஒரு கன்றின் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அது. அதுவும் தடி நட்டு ஓராண்டு கழிந்த பிறகு. தாய் எருமைக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

எனவே மாடு தருகின்ற அமைப்புகளிடமும் அதிகாரிகளிடமும் சிலவற்றைக் கேட்கின்றோம். மாட்டைத் தருவதற்கு ஓராண்டு முன்பே தடியைத் தாருங்கள். வேலி துளிர்த்த வீட்டுக்கு மாடு வரட்டும். முதல் ஆறு மாதத்துக்கான தவிடும் புண்ணாக்கும் உதவியின் ஒரு பகுதியாக இருக்கட்டும். வாய்க்கால் கரையிலும் வீதியோரத்திலும் தீவன மரம் நட்டு வெட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி வேண்டும். தேயிலை மலையில் நிழல் மரங்களைக் கவ்வாத்துச் செய்யும்போது விழும் கிளிசரியா, முள்முருக்கு இலையில் ஒரு பங்கைத் தொழிலாளர் வீட்டுக்குக் கொண்டுபோகத் தோட்ட நிர்வாகங்கள் இடந்தரலாம். மண்ணுக்கு உரமாக வேண்டியதை முழுவதும் கேட்கவில்லை. தின்றதற்குப் பதிலாகச் சாணம் மலைக்கே திரும்பி வரும். பால் சேகரிப்பவர்கள் லீற்றரை மட்டும் எண்ணாமல், பட்டியில் எத்தனை கன்று உயிரோடு இருக்கின்றது என்றும் கேட்கட்டும்.

இவற்றில் ஒன்றும் முடியாதென்றால் எருமையைத் தராதீர்கள். கோழி தாருங்கள், விதை தாருங்கள். தீவனமில்லாத வீட்டுக்கு வருகின்ற மாடு உதவியல்ல, இன்னொரு வாய்.

நமக்கும் ஒரு வார்த்தை. கடாக் கன்று பிறந்தால் கவனிக்காமல் விட்டுச் சாகவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உழவுக்குக் கை உழவு இயந்திரம் வந்த பிறகு அது கூடிவிட்டது. வளர்க்க இயலாதென்றால் வளர்க்கக்கூடியவருக்கு நேரத்தோடு கொடுத்துவிடுவோம். பட்டினி போட்டு மெல்லக் கொல்வது நமக்குத் தகாது. இடம்பெயர்ந்த முகாமில் அரிசி மட்டும் வந்து, பருப்பும் பாலும் வராத நாட்களில் நம் குழந்தைகளின் வயிறு எப்படி இருந்தது என்பதை நாம் கண்டிருக்கின்றோம். நிறைந்த வயிற்றுக்குள்ளும் பட்டினி இருக்கும் என்பதை நமக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அடுத்த மழைக்கு முன் வேலியோரம் தடி நடுவோம். இன்று மாலை கறக்கும்போது கன்றின் காம்பை விட்டுவிட்டுக் கறப்போம்.